முதல் சம்பளத்தில் 300 பவுண்டு பிடித்தார்கள் என்பதற்காகப் பையனை வேலையை விடச் சொல்வீர்களா?

லண்டனில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் ஏ லெவல் என்ற பள்ளி இறுதிப் படிப்பை முடித்துவிட்டு, மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல், செப்டம்பரில் ஒரு கணக்கு நிறுவனத்தில் அப்ரெண்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுபவனாகச் சேர்ந்திருக்கிறான். முதல் மாதச் சம்பளம் 1,500 பவுண்டு, அதில் 300 வருமான வரிக்கே போய்விட்டது. சம்பளச் சீட்டான பேஸ்லிப்பைப் பார்த்த பெரியப்பா, "இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு வரியா, விட்டுட்டு அடுத்த வருஷம் மறுபடி மெடிசினுக்குப் போடச் சொல்லு, இல்லன்னா ஏதாவது யூனியிலயாவது சேரட்டும்" என்கிறாராம். வீட்டில் தூக்கம் போய்விட்டது.

அம்மா, கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியப்பா சொல்வது தப்பு. ஒரு பேஸ்லிப்பை வைத்துப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யாதீர்கள், அதுவும் தவறான டாக்ஸ் கோடு, அதாவது வரிக் குறியீடு போட்ட பேஸ்லிப்பை வைத்து.

நீங்கள் அனுப்பிய படத்தில் டாக்ஸ் கோடு என்ற இடத்தில் "பிஆர்" என்று இருக்கிறது பாருங்கள், விஷயம் அதில்தான். ஒரு வேலை மட்டும் உள்ளவருக்கு வழக்கமாக வர வேண்டியது 1257எல், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை 12,570 பவுண்டு வரைக்கும் வருமான வரி இல்லை. பிஆர் என்றால் அந்தச் சலுகையை வேறொரு வேலையில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள், அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள். தம்பி சனிக்கிழமை வேலை பார்த்த சூப்பர்மார்க்கெட்டை மனதில் வைத்து, "எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது" என்ற சி-யை டிக் செய்திருப்பான். அந்த வேலையை ஆகஸ்டிலேயே விட்டாயிற்று என்கிறீர்கள். அப்படியானால், "இப்போது இது ஒன்றுதான் என் வேலை, ஆனால் ஏப்ரல் 6-க்குப் பிறகு வேறு வேலையும் பார்த்தேன்" என்ற பி-தான் சரி.

கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூப்பர்மார்க்கெட்டில் மொத்தம் 2,000, செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம் 1,500 வீதம் 10,500, கூட்டினால் 12,500. வரம்பே 12,570. அதாவது இந்த வரி ஆண்டில் அவன் ஒரு பென்னி கூட வருமான வரி கட்ட வேண்டியதில்லை, போன 300-ம் முழுசாகத் திரும்பி வரும். திரும்பி வராதது என்ஐ, அதாவது நேஷனல் இன்ஷூரன்ஸ் மட்டும்தான், மாதம் 36 பவுண்டு அளவில். அது அந்தந்தச் சம்பளத்துக்கே கணக்கு, ஆண்டு மொத்தத்தைப் பார்ப்பதில்லை.

எப்படி வாங்குவது? பழைய கடையில் பி45 என்ற, வேலையை விடும்போது தரும் வரிச் சீட்டைக் கேட்டு வாங்கி இப்போதைய நிறுவனத்தின் பேரோலில் கொடுக்கட்டும். கூடவே வரித்துறையான எச்எம்ஆர்சியின் ஆப்பில் தன் என்ஐ நம்பரோடு நுழைந்து, பழைய வேலை இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டினால் முடிந்துவிட்டது என்று திருத்தட்டும். புதிய கோடு நிறுவனத்துக்கே போய்விடும், அடுத்த சம்பளத்திலோ அதற்கடுத்ததிலோ பணம் சேர்ந்து வரும். ஒன்று கவனியுங்கள்: 1257எல் என்று மாறி, பின்னால் எம்1 ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய மாதங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மாதம் 90 பவுண்டு போய்க்கொண்டே இருக்கும், பிடித்ததும் உடனே வராது. அப்போது மறுபடி ஆப்பைத் திறக்க வேண்டியதுதான். இதற்கு ஏஜெண்டைப் பிடித்து வருகிற பணத்தில் பங்கு கொடுக்கவே கூடாது, இதில் நான் கறார். ரீஃபண்ட் வந்திருக்கிறது, லிங்கைத் தட்டு என்று மெசேஜ் வந்தால் அதையும் தொட வேண்டாம்.

ஏப்ரலில் புது வரி ஆண்டு. முழு வருஷச் சம்பளம் 18,000 ஆகிவிடுவதால் மாதம் சுமார் 90 பவுண்டு பிடிப்பார்கள். அது சரியான வரி, பதற வேண்டாம்.

இனி படிப்பு. மெடிசின், யூனி பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அது உறவினர் எல்லாருக்கும் மனப்பாடம். யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. தம்பியின் லெவல் 4 அப்ரெண்டிஸ்ஷிப்பில் கணக்கு மட்டுமில்லை, வரிப் பக்கமும் உண்டு. ஏடிடி என்கிற டாக்ஸேஷன் டெக்னீஷியன் தகுதியை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம், அங்கிருந்து சிடிஏ, அதாவது சார்ட்டர்ட் டாக்ஸ் அட்வைசர் வரை போகலாம். பயிற்சிக்கான நேரம் சம்பளம் தரும் வேலை நேரத்துக்குள்ளேயே வரும். பயிற்சிக் கட்டணத்தை அப்ரெண்டிஸிடம் வாங்கக் கூடாது என்பதே விதி. யூனியில் 2025-26 கட்டணம் ஆண்டுக்கு 9,535, மூன்று வருஷத்துக்கு 28,605, சாப்பாடும் தங்குமிடமும் தனி. கடனாக வாங்கினால் 25,000-க்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதம், 40 வருஷம் வரை போகும். அப்புறம் வயது விஷயம்: இங்கிலாந்தில் 2026 ஜனவரியிலிருந்து முதுகலை அளவிலான லெவல் 7 அப்ரெண்டிஸ்ஷிப்புக்கான அரசுப் பணம் பொதுவாகத் தொடங்கும்போது 21 வயதோ அதற்குக் குறைவோ உள்ளவர்களுக்குத்தான். மூன்று வருஷம் யூனி முடித்துவிட்டு வந்தால் அந்த வழி அவனுக்கு அநேகமாக மூடியிருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்களே கவனித்தீர்களா தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் பையன்களின் பேஸ்லிப்பை எல்லாம் வாங்கி வைத்து, யாருக்கு என்ன கோடு என்று இரவில் உட்கார்ந்து பார்க்கிறான், "வெட்டி வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். தன் படிவத்தில் தப்பாக டிக் போட்டவன்தான், சரி, ஆனாலும் மெடிசின் படிவத்தை நிரப்பும்போது அவன் இப்படி உட்கார்ந்திருந்தானா? நிறுவனத்தில் டாக்ஸ் டீமுக்கு மாற வழி இருக்கிறதா என்று மேனேஜரிடம் அவனே கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம்.