சாரலும் வெயிலும் உள்ளே வர எங்கே வழி? வீட்டு அலங்காரக் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "இயற்கையோடு ஒட்டிய வீடு" பற்றித்தான். எல்லோரும் என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்கிறீர்கள், உங்கள் வீட்டில் எந்த மாசம் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிற நமக்கு அதுதான் முதல் கேள்வி, கடைக்குப் போவதெல்லாம் அப்புறம்.

ஆனி, ஆடி வந்தாலே அலமாரிக்குள் பட்டுச்சேலை எல்லாம் பூஞ்சணம். மாடுலர் வார்ட்ரோப் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. சுவர் முழுக்க மரம் மாதிரி ஷீட் ஒட்டினால் இயற்கையாக இருக்கும் என்கிறார் டிசைனர். ஒட்டலாமா? (புளியரை)

ஒட்டாதீர்கள். புளியரையில் சாரல் மேலேயிருந்து விழுவதில்லை, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து மேற்குச் சுவரில் அறைகிறது, அந்தச் சுவர் இரண்டு மாசம் காயாது. அதன்மேல் ஷீட்டை ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் வார்ட்ரோப்பும் மேற்குச் சுவரை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். எங்கே வைத்தாலும் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே 2 அங்குலம் இடைவெளி, தரையிலிருந்து 4 அங்குலம் உயரம். கதவுகளில் ஒன்றிரண்டையாவது பிரம்பு பின்னல் போட்டதாக மாற்றுங்கள், பார்க்கவும் அழகு, காற்றும் போகும்.

அடுத்த தடவை மர வேலை செய்யும்போது, மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் இந்த ஊருக்கு ஆகாது, ஈரம் பட்டால் ஊதிவிடும். பிளைவுட்டில் ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர எண்) முத்திரை இருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள், "வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். சுவருக்கு உள்பக்கம் புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் கொப்புளமாகக் கிளம்பும், சுண்ணாம்பு அடித்தால் சுவர் தானாக உலரும். சாரல் மாசங்களில் மேற்கு ஜன்னலைச் சாத்தி, கிழக்கைத் திறந்து வையுங்கள். மேகம் விலகி வெயில் முகம் காட்டும்போது அலமாரியை அகலத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுங்கள். கற்பூரமும் பாச்சை உருண்டையும் பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை.

கேரளா ஸ்டைலில் நடுமுற்றம் வைத்துக் கட்டுகிறோம். மேலே கண்ணாடி போட்டு மூடலாமா, திறந்தே விடலாமா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து. (மார்த்தாண்டம்)

முதலில் தண்ணீர்க் கணக்கு பார்ப்போம், முற்றம் வைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. 6 அடிக்கு 6 அடி திறப்பில் ஒரு அங்குல மழை விழுந்தால் சுமார் 85 லிட்டர். இது பெரிய விஷயமில்லை. ஆனால் நாலு பக்கத்து ஓடும் உள்ளே சரிந்து, ஒரு 400 சதுர அடிக் கூரைத் தண்ணீர் முற்றத்துக்குள் விழுகிறது என்றால் அதே ஒரு அங்குல மழைக்கு 900 லிட்டருக்கு மேல் வரும். உங்கள் ஊருக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆகவே 4 அங்குலக் குழாய் இரண்டு, தனித்தனி வழியில். ஒன்றில் இலை அடைத்தால் இன்னொன்று காப்பாற்றும். குழாய் வாயில் வலை போடுங்கள், தவளையும் பாம்பும் அந்த வழியைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

கண்ணாடி போட்டுச் சுற்றிலும் அடைத்துவிட்டால் பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு நடுவில் ஒரு சூட்டடுப்பு வைத்த மாதிரிதான். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. போட்டே ஆக வேண்டும் என்றால் கூரைக்கு மேலே ஒன்றரை அடி தூக்கிப் போடுங்கள், சுற்றிலும் அந்த இடைவெளியில் கொசுவலையும் கம்பியும் மட்டும். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், போகிற காற்று கீழே ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்றை இழுக்கும். நடுமுற்றத்தின் பயனே அதுதான்.

என்னைக் கேட்டால் திறந்தே விடச் சொல்வேன், கம்பி மட்டும் போட்டு. மழை வீட்டுக்குள் விழுவதைப் பார்க்கத்தானே முற்றம்? பக்கத்தில்தான் தக்கலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம், இப்போது தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே வருகிற கூட்டத்தைப் பார்க்காமல், மரச்சட்டங்கள் சாய்ந்து நிற்கிற அந்த ஜன்னல்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், மழை உள்ளே வராமல் காற்று மட்டும் எப்படி வருகிறது என்று புரியும். கட்டட மேஸ்திரியையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

ஹாலில் டிவி யூனிட்டுக்கு இடம் போதவில்லை. தெற்குப் பக்க ஜன்னலை மூடிவிட்டுச் செய்யலாம் என்கிறார்கள். அந்தப் பக்கம் வயலும் மலையும்தான். (கொல்லங்கோடு, பாலக்காடு மாவட்டம்)

வயலும் மலையும்"தான்" என்று எழுதியிருக்கிறீர்கள்! கொல்லங்கோட்டில் தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை. இடவப்பாதி பெய்ததும் பாறையில் அங்கங்கே வெள்ளைக் கோடாக அருவி இறங்கும், அதைப் பார்க்க ஜனங்கள் கார் எடுத்து வருகிறார்கள். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைப் பதிவுகளை வைத்துப் பார்த்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். டிவியை வேறு சுவருக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலுக்குக் கீழே ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை கட்டி ஒரு மெத்தை போடுங்கள்.

மேற்குப் பக்கப் படுக்கையறை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கிறது. "இலை உதிர்க்கும் மரம் வையுங்கள், வெயில் காலத்தில் நிழல், குளிர்காலத்தில் வெளிச்சம்" என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். எந்த மரம்? (பொள்ளாச்சி)

அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதிய யோசனை. அங்கே மரம் குளிருக்கு இலை உதிர்க்கும். நம் ஊரில் பல மரங்கள் தை, மாசியில் வறட்சிக்கு உதிர்க்கும், அதாவது வெயில் ஏறுகிற நேரம் பார்த்து மொட்டையாகும். உங்களுக்குப் புங்கைதான் சரி. அதுவும் உதிர்க்கும், ஆனால் சட்டென்று தளிர்த்து சித்திரைக்குள் அடர்ந்த நிழலாகிவிடும். வேம்பும் அப்படியே. சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நடுங்கள், ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் ஊருக்குள் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியாததா.

மரம் வளரும்வரை? சன்ஷேடை நீட்டிப் பயனில்லை. மாலை நாலரைக்கு வெயில் தாழ்ந்து வருகிறது, 2 அடி சன்ஷேடு ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடத்தான் நிழல் தரும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்க விடுங்கள். வெளியே என்பதைக் கவனிக்கவும், கண்ணாடிக்கு உள்ளே கர்ட்டன் போட்டால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. பங்குனியில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டினால் உலர்ந்த காற்றுக்கு நன்றாகக் குளிரும். புளியரைக்காரர் இதைப் படித்துவிட்டு ஆடியில் கட்டிவிடாதீர்கள், ஈரக்காற்றில் அது ஒன்றும் செய்யாது.

ஃபிளாட்டில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று இருபது தொட்டி வாங்கினேன், பாதி செத்துவிட்டது. (நாகர்கோவில்)

காற்று சுத்தமாகும் கதை, 1989-ல் நாசா மூடிய பெட்டிக்குள் செடி வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து கிளம்பியது. வீடு மூடிய பெட்டி இல்லை. ஜன்னலைத் திறந்தால் நடக்கிற காற்று மாற்றத்துக்குத் தொட்டிச்செடி ஈடாகாது. கண்ணுக்குப் பச்சை வேண்டும் என்று வையுங்கள், அது போதாதா? செத்தவை அனேகமாகத் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிப் போனவை. மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள், மழை மாசத்தில் இன்னும் குறையுங்கள். ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட் இரண்டும் பிழைக்கும். தட்டில் தேங்குகிற தண்ணீரையும் மணி பிளான்ட் வைத்த பாட்டில் தண்ணீரையும் வாரம் ஒரு முறை கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம்.

ஆத்தங்குடிக் கல்லா, சிவப்பு ஆக்சைடு தரையா? (களியக்காவிளை)

கை தேர்ந்த ஆள் கிடைத்தால் ஆக்சைடு. உங்கள் பக்கம் பழைய வீடுகளில் அந்தத் தரை இன்னும் கண்ணாடி போலக் கிடக்கிறதே. ஆள் கிடைக்காவிட்டால் வெடிக்கும், அப்போது ஆத்தங்குடி. அது சுட்ட கல் இல்லை, கண்ணாடி மேல் நிறக்கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நடக்க நடக்கத்தான் மினுக்கம் ஏறும். எலுமிச்சையும் ஆசிடும் பட்டால் கறை விழும், அதனால் அடுக்களையில் வேண்டாம்.

வாடகை வீடு. ஒவ்வொரு பருவத்துக்கும் வீட்டை மாற்றி அலங்கரிக்க ஆசை. செலவு குறைவாக ஏதாவது சொல்லுங்கள். (தென்காசி)

வாங்காதீர்கள், நகர்த்துங்கள். தென்காசியில் சித்திரை பிறக்கிற சமயம் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே. அதற்கப்புறம் ஆவணி நடுவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், பிறகு தெற்கே போகும். மார்கழியில் தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு இருந்தால் நடுப்பகலில் மேலே 3 அடிதான் நிழல், அதற்குக் கீழே வெயில் உள்ளே விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பிறகு அந்த வெயில் வரப்பிரசாதம், நாற்காலியையும் தையல் மெஷினையும் அங்கே கொண்டுபோங்கள். சித்திரையில் மேற்கு அறையை விட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம் படுங்கள். சாரலுக்குக் கிழக்கு ஜன்னலோரம் சாப்பாட்டு மேஜை. கர்ட்டன் இரண்டு செட் போதும், வெயிலுக்கு வெளிர்நிறக் கைத்தறி, மழைக்குச் சீக்கிரம் காய்கிற மெல்லிய துணி.

அலங்காரத்துக்கு நம் நாட்காட்டியே இருக்கிறது. உங்கள் வீட்டில் சித்திரை முதல் நாள் கணி வைக்கிற வழக்கம் உண்டென்றால் அந்த உருளியையும் கொன்றைப் பூவையும் மறுநாளே எடுத்து வைக்காமல் வாடும்வரை ஹாலில் விடுங்கள். சோபாவுக்குக் கீழே விரிப்பு வேண்டுமென்றால் பத்தமடைப் பாய் வாங்குங்கள், கோடையில் காலுக்குக் குளிர்ச்சி. ஒன்று மட்டும், ஆனி பிறந்ததும் வெயிலில் காயவைத்துச் சுருட்டி, பரண்மேல் கிடத்தாமல் காற்றுப் படுகிற மூலையில் நிறுத்தி வையுங்கள். கோரைக்கும் பூஞ்சணம் பிடிக்கும்.