செபத்தில் கடவுள் பேசுவதைக் கேட்பது எப்படி? மௌனமாக உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது

காதில் ஏதாவது குரல் விழும் என்று காத்திருந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். எனக்கு இதுவரை ஒரு குரலும் கேட்டதில்லை. கேட்டதாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயம்கூட உண்டு. அவர்களிடம் பேசும் கடவுள் பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவைத்ததையே சொல்கிறார்.

பைபிளில் சாமுவேல் கதையைப் பாருங்கள். சிறுவனை ஆண்டவர் கூப்பிடுகிறார், அவன் ஆலயக் குரு ஏலிதான் கூப்பிட்டார் என்று எழுந்து ஓடுகிறான், மூன்று தடவை இதே கதை. யார் கூப்பிடுகிறார் என்று அவனுக்கே தெரியவில்லை, கண் மங்கிய கிழவர் ஏலி சொல்லித்தான் தெரிகிறது. 'பேசும் ஆண்டவரே, அடியேன் கேட்கிறேன்' என்பதோடு நாம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அவன் கேட்டது என்ன? தன்னை வளர்த்த அந்த ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் தண்டனை. விடியும் வரை படுத்திருந்துவிட்டு, அதை அவரிடம் சொல்லப் பயந்தான். ஓரேபு மலையில் இறைவாக்கினர் எலியாவுக்கும் காற்று, நிலநடுக்கம், தீ எல்லாம் போனபின் மெல்லிய ஒலி கேட்டது. வந்தது ஆறுதல் வார்த்தை இல்லை, 'நீ இங்கே என்ன செய்கிறாய்?' என்ற கேள்வி, அப்புறம் திரும்பிப் போ என்று வேலை.

நான் தேவகோட்டைப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். செபமாலை, மன்றாட்டு மாலை எல்லாம் தூக்கத்திலும் சொல்வோம், ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. முதல் வெள்ளி நற்கருணை ஆராதனையில் 'சிறிது நேரம் மௌனமாகச் செபிப்போம்' என்று மைக்கில் சொல்வார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, யாரோ இருமுவார், ஒரு பிள்ளை சிணுங்கும், கீபோர்டுத் தம்பிக்குக் கை பரபரத்து அடுத்த பாட்டை ஆரம்பித்துவிடுவார். அத்தனை பேருக்கும் அப்பாடா என்றிருக்கும்.

வெளிச்சத்தத்தைக் குறை சொல்லாதீர்கள். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அலறும்போதும் உட்கார்ந்து செபிக்க முடியும், நான் செய்திருக்கிறேன். வாயை மூடியதும் உள்ளே ஆரம்பிக்கிறதே, வளவு வீட்டுப் பங்கு யாருக்கு, சீட்டுப் பணம் எப்போது வரும், மைத்துனர் கல்யாணத்தில் என்ன சொன்னார், அதுதான் பெரிய சத்தம். அதை விரட்ட வேண்டாம். திரும்பத் திரும்ப அதே விஷயம் வந்தால் ஆண்டவரிடம் பேசவேண்டியதும் அவரிடம் கேட்கவேண்டியதும் அதுவாகவே இருக்கலாம்.

வழி என்று கேட்டால், இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்ததுதான் எனக்குக் கைகொடுக்கிறது. நற்செய்தியில் ஒரு சின்னப் பகுதி, ஐந்தாறு வரி போதும். மெதுவாக வாசியுங்கள். எந்த வார்த்தை பிடித்து நிறுத்துகிறதோ (சில சமயம் அது எரிச்சலூட்டுகிற வார்த்தையாக இருக்கும்) அங்கேயே நில்லுங்கள், மீதியை முடிக்கவேண்டும் என்ற அவசரம் வேண்டாம். முடித்தபின் கால் மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறார். நாம் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதே. எங்கள் பக்கத்து ஓரியூரில் 1693-இல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) இயேசு சபைக்காரர், இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர். கூட்டமில்லாத வார நாளில் அந்தச் செம்மண்ணில் போய் உட்கார்ந்து பாருங்கள், திருவிழா நாளில் வேண்டாம்.

'கடவுள் இப்படிச் சொல்கிறார்' என்று ஏதாவது தோன்றினால் உடனே வேலையை விடுவது, கல்யாணத்தை நிறுத்துவது எல்லாம் கூடாது. உங்களுக்கும் ஓர் ஏலி வேண்டும்: உங்களைத் தெரிந்த ஒரு சாமியார், ஒரு சிஸ்டர், வீட்டில் நிதானமான பெரியவர் யாராவது.

சரி, தூக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் முயலாதீர்கள், விடிகாலையில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். அப்படியும் வந்தால் வரட்டும். கார்மெல் மடத்தில் இருந்த லிசியே குழந்தை தெரசா செபத்தில் தூங்கிவிடுவதுண்டு. பெற்றோருக்குத் தூங்குகிற பிள்ளையும் பிரியம்தானே என்று தைரியமாக எழுதியே வைத்திருக்கிறார். 1925-இல் அவரைப் புனிதராக்கியும் விட்டார்கள்.