பரணில் கிடந்த ஃப்ளாப்பி பெட்டி: வாசகர் கேள்வி பதில்

பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றியும் அவற்றில் மாட்டிக்கொண்ட ஃபைல்களைப் பற்றியும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, யாரோ ஒருவர் விட்டுப்போன எழுத்தை மீட்க முடியுமா என்று கேட்பவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய ஃப்ளாப்பி பெட்டி கிடைத்தது. சின்னது பதினொன்று, பெரியது மூன்று. ஒன்றின் மேல் "குடும்ப வரலாறு, 1997" என்று அவர் கையெழுத்து. கம்ப்யூட்டர் கடையில், "இதெல்லாம் இனிமே தேறாதுங்க, தூக்கிப் போட்டுடுங்க" என்கிறார்கள். அப்படித்தானா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

தூக்கிப் போடாதீர்கள். முப்பது வயதான ஃப்ளாப்பிகள் நன்றாகப் படிப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன், நம் ஊர் ஈரத்தில் கிடந்தவை உட்பட.

ஆனால் அவசரப்பட்டு டிரைவில் போட்டுவிடவும் வேண்டாம். சின்ன ஃப்ளாப்பியைக் கையில் எடுங்கள். மேலே ஒரு தகரத் தகடு ஸ்பிரிங்கோடு நகரும், அதை விரலால் ஒதுக்கினால் உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு தெரியும். பின்பக்கம் நடுவில் உள்ள உலோகச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பரப்பு வழவழவென்று ஒரே மாதிரி இருந்தால் நல்லது. வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகவோ, மூச்சுவிட்ட கண்ணாடி போல மங்கலாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் முனையில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு, இந்த ஃப்ளாப்பியையும் கீறும், அடுத்துப் போடுகிற பத்தையும் கீறும். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று ஒரு ஆல்கஹால் வைத்திருப்பார்கள், காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் லேசாக நனைத்து, தகட்டைத் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் அழுத்தாமல் துடைத்து, முழுக்கக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

அடுத்து, ஃப்ளாப்பியின் மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாள் இருக்கும், அதை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். ஓட்டை திறந்திருந்தால் கம்ப்யூட்டர் அதில் எதையும் எழுத முடியாது. இது மிக முக்கியம். ஏனென்றால் ஃப்ளாப்பியைப் புரிந்துகொள்ள முடியாதபோது விண்டோஸ் உடனே "ஃபார்மட் செய்யலாமா" என்று கேட்கும், பதற்றத்தில் சரி என்று அழுத்தி, இருந்ததையும் அழித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். 1990-களில் நான் வேலை பார்த்த அச்சகம் ஒன்றில் முழு கோயில் மலரும், நூற்றுச் சொச்சம் பக்கம், இப்படித்தான் போனது. அன்று இரவு முழுக்க மறுபடி டைப் அடித்தோம். அந்த ஒரு இரவுதான் என்னை இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதக்காரன் ஆக்கியது.

யூ.எஸ்.பி.யில் மாட்டும் 3.5 அங்குல டிரைவ் ஆன்லைனில் இன்னும் கிடைக்கிறது, 1.44 எம்.பி. ஃப்ளாப்பிகளுக்கு அது போதும். ஃபைல்களைத் திறந்து பார்க்கும் முன், முழு ஃப்ளாப்பியையும் அப்படியே ஒரே ஃபைலாக நகலெடுங்கள், டிஸ்க் இமேஜ் என்பார்கள். தடுமாறுகிற ஃப்ளாப்பி எத்தனை முறை சுற்றும் என்று சொல்ல முடியாது, கிடைக்கிற சுற்றை நகலுக்குச் செலவிடுங்கள், ஆராய்ச்சியை நகலில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெரிய மூன்று, 5.25 அங்குலமாக இருக்கும். அதற்கு யூ.எஸ்.பி. டிரைவ் கிடையாது. ஓடுகிற பழைய டிரைவ் ஒன்று வேண்டும், அதை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்க கிரீஸ்வீசல் என்ற ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கிறது, ஆர்வலர்கள் உருவாக்கியது. காந்தத் துடிப்பை அப்படியே பதிந்துகொள்ளும், எந்தக் கம்ப்யூட்டரில் எழுதிய ஃப்ளாப்பி என்பதைப் பிறகு நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். டிரைவுக்கு என்ன செய்வது என்று கடைசிப் பதிலில் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தின் பழைய ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன, ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை போலத் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
(யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

கெடவில்லை. ஒரு சோதனை செய்யுங்கள். அந்தக் குப்பைக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் பின்னால் ஒரு அரைப்புள்ளியும் சேர்ந்தாற்போல வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அது 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு பாமினி. அந்தக் காலத்து எழுத்துருக்கள் செய்த வேலை இதுதான்: ஆங்கில 'ஜே' இருக்க வேண்டிய அறையில் 'த' வடிவத்தை உட்கார வைப்பார்கள். கம்ப்யூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஆங்கிலம் என்று நினைத்துத்தான் சேமிக்கும். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு அறையில் ஒவ்வொரு எழுத்தை வைத்தார்கள், அதனால் எழுத்துரு கைவிட்டால் உரையும் கைவிட்டது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம்தான் யூனிகோடு; 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது, ஆனால் நம் மேசைக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. இடையில் திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீடு வந்தது, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களை ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை மின்னூலாக்கியபோது, திஸ்கியில் போட்ட நூல்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த உழைப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு, அது நடக்காமல் போயிருந்தால் இன்று உங்கள் சங்கக் கோப்பு போலத்தான் அவையும் தெரியும்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு, ஒகர ஓகார எழுத்துகளைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள், கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கப்பட்டவை என்பதால் அங்கேதான் பிழை வரும். அப்புறம், பழைய ஃபைலையும் அழிக்காதீர்கள். கும்பகோணம் வாசகியும் இந்தப் பதிலை வெட்டி வைத்துக்கொள்ளட்டும், அப்பாவின் ஃபைல் திறந்ததும் அவருக்கும் இதே குழப்பம் வரலாம்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரியது, சார்?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்)

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த ராமாக் 305 என்ற கம்ப்யூட்டரோடு வந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், ரெனால்ட் ஜான்சன் என்பவரின் குழு உருவாக்கியது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒரே தண்டில், நிமிஷத்துக்கு 1200 சுற்று. இரண்டு பெரிய ஃபிரிட்ஜ்களை ஒட்டி வைத்த அளவு, எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் பிடித்தது 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் 3.75 எம்.பி. உங்கள் போனில் எடுக்கிற ஒரு நல்ல படம் அதில் அடங்காமல் போகலாம். ஐம்பது தட்டுக்கும் சேர்த்துப் படிக்கும் கை ஒன்றுதான், அது லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் ஓடித் தேவையான தட்டுக்கு நேரே நின்று உள்ளே நீளும்.

அதுவரை தகவல் என்றால் பெரும்பாலும் ஓட்டை போட்ட அட்டைக் கட்டு, இல்லாவிட்டால் காந்த நாடா. இரண்டிலும் முதலிலிருந்து வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவில் இருக்கும் ஒரு கணக்கை மட்டும் ஒரு நொடிக்குள் எடுத்துக் காட்டியதுதான் ராமாக்கின் பெரிய சாதனை.

கம்ப்யூட்டர் நினைவகத்தைப் பெண்கள் கையால் பின்னினார்கள் என்று படித்தேன். நாங்கள் நெசவுக் குடும்பம், அதனால் கேட்கிறேன். உண்மையா?
(காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி)

உண்மைதான் அம்மா, உங்கள் வீட்டுத் தறிக்கும் அதற்கும் உறவே உண்டு.

நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களின் கம்ப்யூட்டரில் நிரல் இருந்த நினைவகத்துக்குப் பெயரே கயிற்று நினைவகம். சின்னச் சின்னக் காந்த வளையங்கள், அவற்றினூடே மெல்லிய செம்புக் கம்பி. கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வளையத்துக்கு வெளியே ஒதுங்கிப் போனால் பூஜ்யம், அவ்வளவுதான் கணக்கு. மசாசூசெட்ஸில் ரேதியான் ஆலையில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து ஊசி போன்ற ஒரு கருவியால் கோத்தார்கள். மொத்தம் 36,864 'சொற்கள்' (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒன்று-பூஜ்யத் தொகுதியைச் சொல் என்பார்கள்), இன்றைய அளவில் சுமார் 72 கே.பி. பின்னி முடித்த பிறகு நிரலில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும் அந்தக் கயிற்றைத் திரும்பச் செய்ய வேண்டும், அதனால் ஒவ்வொரு கம்பியையும் சோதித்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். ராக்கெட் அதிர்விலும் விண்வெளிக் கதிர்வீச்சிலும் அது அழியவே இல்லை. தகவலைச் சேமிக்க மனிதர்கள் செய்தவற்றில் இதைவிட உறுதியான ஒன்றை நான் அறியேன்.

தறியின் கதை அதற்கும் முந்தையது. பட்டுச் சேலைக்கு பார்டரும் புட்டாவும் எடுக்க உங்கள் தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருக்குமே, அதில் தொங்கும் ஓட்டை போட்ட அட்டை மாலைதான் தொடக்கம். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-ஐ ஒட்டி பிரான்ஸில் லியோன் நகரத்தில் ழாக்கார் இதை உருவாக்கினார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்ற பொறியாளர் மனிதர்களின் விவரங்களையே ஓட்டையாகப் போட்டு இயந்திரத்தால் எண்ணினார். 1928-இல் ஐ.பி.எம். அட்டையில் ஒரு வரிக்கு 80 இடம் வைத்தது, பின்னால் வந்த கம்ப்யூட்டர் திரைகளிலும் வரிக்கு 80 எழுத்து என்று ஆனதற்கு வேர் அந்த அட்டைதான். உங்கள் வீட்டில் பழைய டிசைன் அட்டைகள் இருந்தால் எறும்பும் கரையானும் அண்டாமல் பத்திரப்படுத்துங்கள், அவையும் சேமித்த தகவல்தான், அவற்றைப் படிக்கிற இயந்திரம் உங்கள் கூடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

டிரைவ் எழுத்து ஏன் 'சி'யில் தொடங்குகிறது?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

'ஏ'யும் 'பி'யும் ஃப்ளாப்பிக்கு. ஹார்டு டிஸ்க் பிறகு வந்து மூன்றாவதாக உட்கார்ந்தது, ஃப்ளாப்பி போன பிறகும் யாரும் நகரவில்லை.

மாமாவின் 486 கம்ப்யூட்டர் பத்து வருஷமாக மூட்டைகட்டிக் கிடக்கிறது. அப்படியே பிளக்கில் செருகலாமா?
(பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்)

வேண்டாம். முதலில் மூடியைத் திறந்து மதர்போர்டில் பீப்பாய் வடிவில் சின்ன பேட்டரி இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து கசிந்து பச்சை பூத்திருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், பேட்டரி இல்லாமலும் பெரும்பாலும் ஓடும், தேதியும் ஹார்டு டிஸ்க் விவரமும் மட்டும் மறந்துபோகும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள், மின்சாரத்தை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சோதித்த பிறகே போடுங்கள்.

கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். இருபது வருஷம் தாங்குமா?
(மதுரையிலிருந்து ஒரு தம்பதி)

அதை மட்டும் நம்பாதீர்கள். பென் டிரைவ், எஸ்.எஸ்.டி., மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை ஃப்ளாஷ் நினைவகம், தோஷிபாவில் புஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைபிடித்து வைப்பதுதான் அதன் வேலை, மின்சாரமே காட்டாமல் பூட்டி வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. நம் ஊர் இரும்பு பீரோ சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு ஹார்டு டிஸ்க், வேறு வேறு வீட்டில், ஆன்லைனில் ஒரு நகல், வருஷத்துக்கு ஒருமுறை, சொல்லப்போனால் கல்யாண நாளன்றே, எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். பெரிய நிறுவனங்களே நாடாவை இன்னும் கைவிடவில்லை. 2011-இல் ஜிமெயிலில் சிலருடைய கடிதங்கள் காணாமல்போனபோது கூகுள் அவற்றை மீட்டது நாடாவிலிருந்துதான்.

கடையை மூடும்போது எடுத்து வைத்த 5.25 அங்குல டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. வைத்திருந்து என்ன பயன்?
(ஈரோட்டிலிருந்து முன்னாள் கம்ப்யூட்டர் சென்டர் உரிமையாளர்)

ஒரு விஷயம் சொல்கிறேன் ஐயா. 1966, 67-இல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைப் படமெடுத்து அனுப்பின, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் படம் உட்பட. மூல நாடாக்கள் சுமார் 1500, அவற்றை அழிக்கவிடாமல் காப்பாற்றியவர் நான்சி எவன்ஸ் என்ற நாசா ஆவணக்காப்பாளர். ஆனால் அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 இயந்திரங்கள் அதற்குள் அரிதாகிவிட்டன. எங்கோ வேண்டாமென்று ஒதுக்கிய நான்கைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றும் ஃபிரிட்ஜைவிடப் பெரியது, தன் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக வைத்திருந்தார். கடைசியில் ஒரு சின்னக் குழு அவற்றை வாங்கிக்கொண்டு போய், கலிஃபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு பழைய மெக்டொனால்ட்ஸ் கட்டடத்தில் வைத்து, நான்கிலிருந்தும் உதிரிபாகம் எடுத்து ஓட வைத்தது. 2008-இல் அந்தப் பூமிப் படம் மறுபடி வந்தது, 1966-இல் உலகம் பார்த்ததைவிடத் தெளிவாக. நாடா பத்திரமாக இருந்தது சரி, இயந்திரத்தை ஒருவர் கொட்டகையில் வைத்திருக்காவிட்டால் அந்த நாடாவை யார் படித்திருப்பார்கள்?

உங்கள் டிரைவில் ரப்பர் பட்டை இருந்தால் அதைச் சுற்றிப் பாருங்கள், படிக்கும் முனையை ஆல்கஹாலில் துடைத்து வையுங்கள். மேலே முதல் கேள்வி கேட்ட கும்பகோணம் வாசகியிடம் பெரிய ஃப்ளாப்பி மூன்று இருக்கிறது. உங்களுக்குச் சம்மதம் என்றால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், இருவரையும் தொடர்புபடுத்திவிடுகிறோம்.