சிறுகுடல் கட்டி: ஐ.எச்.சி. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

வாசகர் கேள்விகளுக்கு நோய்க்குறியியல் மருத்துவர்கள் பதில்

கேள்வி: அம்மாவுக்கு ஜெஜுனத்தில் (சிறுகுடலின் நடுப்பகுதி) இருந்த 6 சென்டிமீட்டர் கட்டியை இங்கே மார்த்தாண்டத்தில் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஸ்பிண்டில் செல் கட்டி, ஐ.எச்.சி. தேவை' என்று இருக்கிறது. ஸ்லைடுகளோடு திருவனந்தபுரம் போனால் 'பிளாக் எங்கே?' என்கிறார்கள். ஸ்லைடு போதாதா?
– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: போதாது. உங்கள் கையில் இருப்பது ஏற்கெனவே சாயமேற்றிய ஸ்லைடு. அதில் செல்லின் உருவம் தெரியும், அது எந்த வகைச் செல் என்பது தெரியாது. பிளாக் என்பது கட்டியின் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்தது. அதை 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஒரு ஆன்டிபாடியை இடுவார்கள். அது தேடும் புரதம் இருந்தால் அங்கே பழுப்பு நிறம் ஏறும். இதுதான் ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி); தேடும் அந்தப் புரதத்தை மார்க்கர் என்பார்கள்.

ஸ்பிண்டில் செல் (கதிர் வடிவச் செல்) என்றதும் சிறுகுடலில் முதலில் நினைப்பது குடல் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் கட்டியை. அதைக் காட்டும் மார்க்கர்களான சி.டி.117, டாக்-1 இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். சி.டி.117 மெலனோமா எனும் நிறமிச் செல் புற்றுநோயிலும் ஏறக்கூடும். மெலனோமாவோ சிறுகுடலுக்குப் பரவக்கூடிய நோய். எனவே தசைக் கட்டிக்கு டெஸ்மின், நரம்பு உறைக் கட்டிக்கும் மெலனோமாவுக்கும் எஸ்-100 என்று கூடவே பார்க்க வேண்டும். குடல்தாங்கியில் வளரும் டெஸ்மாய்டு எனும் நார்த்திசுக் கட்டியோ என்ற சந்தேகம் வந்தால் பீட்டா கேட்டினின். இது உட்கருவில் ஏறினால்தான் கணக்கு. ஒற்றை மார்க்கரை வைத்து முடிவு எழுதிய ரிப்போர்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை நம்பி மருந்து தொடங்க வேண்டாம்.

'சி.டி.117 நெகட்டிவ்' என்று வந்தால், அதே சீவலில் மாஸ்ட் செல்கள் (திசுவில் இயல்பாக இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) நிறமேறினவா என்று கேளுங்கள். அவற்றில் அந்தப் புரதம் இயல்பாகவே உண்டு. அவையும் வெளிறிக் கிடந்தால் தோற்றது பரிசோதனை. கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பெரும்பாலும் கோளாறு ஆபரேஷன் நடந்த அன்றே தொடங்கியிருக்கும். சிறிய ஆஸ்பத்திரிகளில் எடுத்த குடலை ஜாடியில் போட்டு உறவினர் கையில் கொடுத்துவிடுவது நம் பக்கத்தில் சகஜம். அதில் இருக்க வேண்டியது 10 சதவீத பஃபர் ஃபார்மலின், திசுவின் அளவைப் போல் 10 மடங்கு. சலைன் உதவாது. ஃபார்மலின் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். கட்டியை வகிராமல் முழுசாகப் போட்டால் வெளிப்புறம் பதப்பட்டு நடுப்பகுதி அழுகிப்போகும், அங்கே எந்த மார்க்கரும் ஒழுங்காக ஏறாது. வாய் குறுகிய பாட்டிலில் திணித்தால், இறுகிய பிறகு வெளியே எடுப்பதே பெரும்பாடு. குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

ஜிஸ்ட் என்று உறுதியானால், 5 சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுவார்கள். அம்மாவின் கட்டியில் 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நடுத்தர அபாயம், மேலே போனால் அதிக அபாயம். குறைந்த எண்ணிக்கையோடு இதே அளவு கட்டி இரைப்பையில் இருந்தால் அபாயம் ஒரு படி குறைவு. அதனால் கட்டி இருந்த இடம் ரிப்போர்ட்டில் தெளிவாக இருக்கட்டும்.

பிளாக்கைச் சீவித் தீர்த்துவிடாமல் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். சி.டி.117 புரதத்தை உருவாக்கும் கிட் மரபணுவின் எக்ஸான் 9, 11 எனும் பகுதிகளின் பரிசோதனைக்கும் அதுவே தேவை. எக்ஸான் 9 மாற்றம் சிறுகுடல் ஜிஸ்டில்தான் அதிகம் காணப்படும்; அது இருந்தால் ஜிஸ்டுக்குத் தரும் இமாட்டினிப் மருந்து வழக்கமான 400 மில்லிகிராம் போதுமா என்று மருத்துவர் யோசிப்பார். வாங்கும்போது பிளாக்கின் எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைக்க வேண்டாம். மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும்.

கேள்வி: என் மைத்துனருக்கு இலியத்தில் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) 'நியூரோஎண்டோகிரைன் கட்டி, கே.ஐ.67: 4 சதவீதம்'. புற்றுநோய் 4 சதவீதம்தான் என்று ஆறுதல் கொள்ளலாமா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: நியூரோஎண்டோகிரைன் கட்டி ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது; கே.ஐ.67 பெருகும் செல்களில் ஏறும் மார்க்கர். 4 சதவீதம் என்பது நோய் பரவிய அளவு அல்ல. 100 கட்டிச் செல்களில் 4 பெருகும் சுழற்சியில் இருக்கின்றன என்று பொருள். 3-க்குக் கீழே கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. கிரேடு 2 கட்டியும் கல்லீரலுக்குப் போயிருக்கலாம். அதை ஸ்கேன்தான் சொல்லும். உங்கள் எண் 3-க்கு மிக அருகில் இருப்பதால், எப்படி எண்ணினார்கள் என்பது இங்கே முக்கியம். நிறம் அடர்ந்த இடத்தில் குறைந்தது 500 கட்டிச் செல்களை, படமெடுத்து எண்ணுவது நல்லது. கண்மதிப்பாகச் சொன்னால் தவறும். இடையில் கிடக்கும் லிம்ஃபோசைட்டுகளையும் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) சேர்த்து எண்ணி கிரேடு 1-ஐ 2 ஆக்கிவிடுவதும் உண்டு.

கேள்வி: திசுவில் குரோமோகிரானின் பாசிட்டிவ். ரத்தத்திலும் குரோமோகிரானின் மூன்று மடங்கு. நோய் முற்றிவிட்டதா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: பெயர் ஒன்று, வேலை வேறு. குரோமோகிரானின் என்பது நியூரோஎண்டோகிரைன் செல்களில் இருக்கும் புரதம். திசுவில் அது ஏறுவது கட்டியின் இனத்தைச் சொல்கிறது. ரத்த அளவை வேறு பலவும் ஏற்றிவிடும். வயிற்றெரிச்சலுக்கு பேன்டப்ரசோல், ஒமிப்ரசோல் சாப்பிடுகிறீர்களா? அதுவே காரணமாக இருக்கலாம். மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். சிறுநீரகக் கோளாறிலும் கூடும். 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. (செரோடோனினின் கழிவுப்பொருள்) பார்க்கச் சொல்லியிருந்தால், மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் கூடாது. வாழைப்பழம் என்றால் ஏத்தன், மட்டி எல்லாம் சேர்த்தி. ஏத்தங்காய் சிப்ஸையும் விட்டுவையுங்கள்.

கேள்வி: அண்ணனின் சிறுகுடல் அடினோகார்சினோமாவில் (சுரப்பிச் செல் புற்றுநோய்) 'எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இழப்பு' என்று வந்திருக்கிறது. நல்லதா, கெட்டதா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: இவை டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் புரதங்கள். இரண்டும் சேர்ந்து இல்லாமல் போனால் லிஞ்ச் எனும் பரம்பரை நோய்க்குறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே வகைப் புரதங்களான எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 போயிருந்தால் பரம்பரை அல்லாத காரணமும் இருக்கலாம். பக்கத்தில் உள்ள நல்ல செல்களின் உட்கரு நிறமேறியிருக்கிறது என்ற குறிப்பு ரிப்போர்ட்டில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி போடச் சொல்லுங்கள். உறுதியானால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபிக்கும் வழி உண்டு. நீங்களும் உடன்பிறந்தவர்களும் மரபியல் ஆலோசனைக்குப் போவதும், பெருங்குடல் கொலோனோஸ்கோபியைப் பற்றி அங்கே கேட்பதும் அவசியம்.