வாசகர் கேள்வி பதில்: மேல இருந்தும் கீழ போயிடறேனே, ஏன்?

கேள்வி: எட்டு மாசமா ஜியு ஜிட்சு கத்துக்கறேன். கஷ்டப்பட்டு கார்டை, அதாவது கீழ இருக்கறவர் காலால போடற தடுப்பை, பாஸ் பண்ணி சைடு கண்ட்ரோலுக்கு, அதாவது பக்கவாட்டுல இருந்து நெஞ்சால அமுக்கற நிலைக்கு, வந்துடறேன், ஆனா அங்க நிக்கவே முடியல. இறுக்கிக் கட்டிப்பிடிச்சா என்னையே தூக்கி அந்தப் பக்கம் புரட்டிடறாங்க. எனக்கு பலம் பத்தலையா?

பதில்: பலம் இருக்கு தம்பி, அதை மொத்தமா கையில செலவு பண்றீங்க, அதான் சிக்கல். உடும்புப் பிடியா பிடிச்சா தப்ப மாட்டாங்கன்னு நாம நினைக்கறோம், ஆனா தரையில நடக்கறது வேற. நீங்க அவரை இறுக்கிக் கட்டிக்கிட்டீங்கன்னா நீங்களும் அவரும் ஒரே உருண்டை ஆயிடறீங்க, அப்புறம் அவர் உருண்டா நீங்களும் கூடவே உருள வேண்டியதுதான், ஊன்றிக்க ஒரு கை கூட மிச்சம் இருக்காது.

முதல்ல உங்க நெஞ்சு எங்க இருக்குன்னு பாருங்க. அந்தப் பக்கம் புரட்டறாங்கன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அப்படின்னா பெரும்பாலும் உங்க நெஞ்செலும்பு அவரோட நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். எடை ஏற்கனவே அங்க சாஞ்சு கிடக்கு, அவர் உங்க இடுப்பைக் கட்டிக்கிட்டு ஒரு பிரிட்ஜ், அதாவது காலை ஊன்றி இடுப்பை மேல உந்தறது, போட்டா மீதி வேலை தானா நடந்துடும். நெஞ்சு நடுக்கோட்டுலயே நிக்கட்டும், இடுப்பை நல்லா கீழ இறக்குங்க, காலை அகலமா வைங்க. முட்டி ரெண்டையும் மேட்ல ஊன்றிட்டா உங்க எடையில பாதி முட்டி வழியா மேட்டுக்குப் போயிடும், அவர் மேல விழாது. கால் விரலை ஊன்றி முட்டியை லேசா தூக்கிப் பாருங்க, அதே எடை திடீர்னு ரெண்டு மடங்கு ஆன மாதிரி கீழ இருக்கறவருக்குத் தெரியும்.

அடுத்தது தலை. அவர் தலைக்கு அடியில போற கை இருக்கே, அந்தத் தோளை அவர் தாடையில வச்சு முகத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைங்க, இதைத்தான் கிராஸ்ஃபேஸ்னு சொல்றோம். முகம் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்போது உடம்பை இன்னொரு பக்கம் திருப்பறது ரொம்பக் கஷ்டம். உங்க பக்கம் திரும்ப முடியலன்னா முட்டியை உள்ள விட்டு கார்டைத் திரும்பப் போட முடியாது, எழுந்து முட்டி போடவும் முடியாது. கழுத்தை முறுக்கணும்னு அவசியமே இல்ல, தோளோட எடை அங்க கிடந்தாலே போதும், பார்ட்னரோட கழுத்து நாளைக்கும் வேணும்.

இன்னொரு கை அவரோட தூரக் கை அக்குளுக்கு அடியில, அண்டர்ஹுக். அந்த அண்டர்ஹுக்கை அவர் எடுத்துட்டார்னா உங்களுக்கு ரொம்ப நேரம் இல்ல. உங்க பக்கம் இருக்கற அவர் முழங்கையையும் கவனிங்க, அது உள்ள வந்து உங்க இடுப்புல முட்டுக் கொடுத்தா அடுத்து இடுப்பை நகர்த்தி ஷ்ரிம்ப் பண்ணப் போறார்னு அர்த்தம். முட்டியை அவர் இடுப்போட ஒட்டி வச்சா அந்த இடைவெளியே கிடைக்காது.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. இதெல்லாம் சரியா செஞ்சாலும் ஒரே இடத்துல காலத்துக்கும் நிக்க முடியாது, நிக்கவும் கூடாது. அவர் உங்களை நோக்கித் திரும்பி இடத்தை உடைக்கறார்னா சண்டை போடாதீங்க, நெஞ்சு ஒட்டினபடியே தலைப்பக்கம் நடந்து நார்த் சவுத், அதாவது அவர் தலைப்பக்கம் இருந்து தலைகீழா அமுக்கற நிலைக்கு, போங்க. உங்களைத் தள்ளி விடறார்னா கை நீண்டிருக்கும், உங்க முட்டியை அவர் வயித்து மேல ஏத்துங்க. அமுக்கறதுன்னா அசையாம இருக்கறதுன்னு யாரோ நமக்கு தப்பா மனசுல பதிய வச்சுட்டாங்க, நல்லா அமுக்கறவங்க எல்லாரும் நகர்ந்துக்கிட்டே இருக்கறவங்கதான். ஐபிஜேஜேஎஃப்னு சொல்ற சர்வதேச பிரேசிலியன் ஜியு ஜிட்சு கூட்டமைப்பு விதியில சைடு கண்ட்ரோலுக்குன்னு தனியா பாயிண்ட் கிடையாது, பாஸ் பண்ணதுக்குத்தான் 3, அதுக்கும் 3 செகண்ட் நிலையா பிடிச்சிருக்கணும். அதனால அங்கயே குடியிருக்கணும்னு இல்ல, 4 பாயிண்ட் தர்ற மவுண்டுக்கு, அதாவது அவர் மேல ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ற நிலைக்கு, போற வழியா அதைப் பாருங்க.

கேள்வி: மவுண்ட்ல உட்கார்ந்தா பிரிட்ஜ் பண்ணி தூக்கி எறியறாங்க. எப்படி தடுக்கறது?

பதில்: அவங்க உங்க கை ஒண்ணையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பிடிச்சிருப்பாங்க, அந்தத் தோள் மேலதான் புரட்டுவாங்க. ரெண்டுல ஒண்ணு விடுதலையா இருந்தாலே உங்களைப் புரட்டறது சிரமம். கை மாட்டின உடனே, பிரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடியே, நீச்சல் அடிக்கற மாதிரி அதைச் சுழட்டி வெளிய எடுங்க. இன்னொண்ணு, அவர் இடுப்பு மேல உட்காராதீங்க, பிரிட்ஜோட சக்தி முழுக்க இடுப்புலதான் இருக்கு. அவர் குதிச்சு முடிச்சு இடுப்பு கீழ இறங்கற அந்த நொடியில முட்டியை கொஞ்சம் கொஞ்சமா அக்குள் வரைக்கும் ஏத்துங்க, அப்புறம் அவர் எவ்வளவு குதிச்சாலும் காத்தைத்தான் தூக்குவார்.

கேள்வி: நான் ஜூடோ. போட்டியில கேசா காத்தமே, அதாவது பக்கத்துல உட்கார்ந்து கழுத்தையும் கையையும் கட்டி அமுக்கற பிடி, போட்டு 15 செகண்ட் பிடிச்சேன், இன்னும் 5 இருக்கேன்னு கழுத்தை பலமா இறுக்கினேன், அப்படியே எதிராளி என்னைத் திருப்பிட்டா. இன்னும் மனசு ஆறல.

பதில்: புரியுதும்மா, 20 செகண்ட் பிடிச்சா இப்பான், அதாவது முழு வெற்றி, அதுல 15 தாண்டிட்டு விடறது ரொம்ப வலிக்கும். ஆனா 10 தாண்டினதுக்கு வாசாரி, அதாவது பாதி வெற்றி, உங்களுக்கு வந்திருக்கும், அந்தப் பிடி வீணாப் போகல.

நீங்க இறுக்கினதுதான் அவளுக்கு வழி விட்டிருக்கு. கழுத்தை இழுக்கும்போது உங்க முதுகு பின்னால சாயும், அவ இடுப்பை உங்க இடுப்போட ஒட்டி, உங்க இடுப்பைக் கட்டிக்கிட்டு, தன் மேலயே உங்களை ஏத்திப் புரட்டுவா. கேசாவுல முக்கியமான பிடி கழுத்து இல்ல, அவ கை. அதை உங்க அக்குள்ல நல்லா மேல இழுத்து வச்சுக்கோங்க, தலையைத் தாழ்த்தி மேட் பக்கம் கொண்டு போங்க. அவ இடுப்பை நெருக்கிக்கிட்டு வந்தா நீங்க காலை நடத்தி அவ தலைப்பக்கம் விலகிப் போய்க்கிட்டே இருங்க. அப்படியும் பிரிட்ஜ் பலமா வந்தா கழுத்துக் கையை விட்டுட்டு தயங்காம மேட்ல ஊன்றுங்க. பிடியை விட்டா எண்ணிக்கை நின்னுடுமோன்னு பலருக்கு பயம், அப்படி இல்ல, கட்டுப்பாடு போகாம ஒரு ஒசாயேகோமில, அதாவது அமுக்குப் பிடியில, இருந்து இன்னொண்ணுக்கு மாறினா கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதனால இடுப்பைத் திருப்பி யோகோ ஷிஹோங்கற பக்கவாட்டுப் பிடிக்குப் போறது நல்ல முடிவு. காலை மட்டும் பாத்துக்கோங்க, அவ ரெண்டு காலால உங்க காலைப் பின்னிட்டா நடுவர் தொகேத்தா, அதாவது பிடி விட்டுப் போச்சுன்னு, சொல்லிடுவார்.

கேள்வி: இதுக்கு தனியா பயிற்சி ஏதாவது?

பதில்: இருக்கு. உங்க ரெண்டு கையையும் பெல்ட்டுல சொருகிக்கிட்டு, நெஞ்சை மட்டும் வச்சு பார்ட்னரை 2 நிமிஷம் அமுக்கிப் பாருங்க, அவர் மெதுவா, பாதி வேகத்துல தப்பிக்கட்டும். முதல் நாள் பத்து செகண்ட் கூட நிக்காது, பரவாயில்ல. மூச்சை அடக்காதீங்க, மூச்சு வாங்குதுன்னா எடையை விட்டுட்டு தசையால அமுக்கறீங்கன்னு அர்த்தம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கையை மட்டும் வெளிய எடுங்க.