கேளுங்க, சொல்றேன்: இந்த வாரம் போர்டு

போன இதழில் அவிநாசி வாசகி ஒருவர், தன் ஊர்ப் பள்ளியில் கழற்றிப் போட்ட பழைய கரும்பலகை ஒன்று இப்போது பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை ஓரத்தில் இரண்டு வரியாகப் போட்டேன், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதம் பூராவும் போர்டு, போர்டு, போர்டு. சரி, இந்த வாரம் வேறு எதையும் எடுக்கவில்லை.

“ஐயா, நாங்க அஞ்சாவது படிக்கையில வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் கொண்டுபோய் போர்டுக்குப் பூசுவோம். அது ஏனுங்க ஊமத்தை இலை? முருங்கை இலை ஆகாதா?”
*– சத்தியமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி*

முருங்கை இலையைப் பறித்தால் வீட்டில் பொரியலுக்குக் கணக்குக் கேட்பார்கள், வேலியோரத்து ஊமத்தையை ஆடுகூடத் தொடாது. முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வேலை நடக்கிற விதம். சாக்பீஸ் பேனா மாதிரி மை விடுவதில்லை, பலகையில் தேய்ந்து தூளாக ஒட்டிக்கொள்கிறது. தேய வேண்டுமென்றால் பலகைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். மரப்பலகையில் நடுப்பகுதி, அதாவது வாத்தியார் கை எட்டுகிற இடம், வருசக்கணக்கில் துடைத்துத் துடைத்து வழவழவென்று ஆகிவிடும், சாக்பீஸ் வழுக்கும், கதவு வழியாக வருகிற வெளிச்சம் அதில் பட்டு மின்னி, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. கரித்தூள் கருப்பையும் சொரசொரப்பையும் திருப்பித் தந்தது, இலைச்சாறு கரி உதிராமல் பிடித்து வைத்தது, காய்ந்தபின் பளபளப்பும் இல்லை. நானும் பூசியிருக்கிறேன். கல்லில் வைத்து நசுக்கி, உருண்டையாகப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே வாக்கில் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் பெரிய வகுப்பு அண்ணன்கள் திட்டுவார்கள். உள்ளங்கை ரேகையில் ஏறிய பச்சையும் கருப்பும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குத்தான் போகும். திங்கட்கிழமை காலையில் முதல் எழுத்து விழும்போது வெள்ளை அப்படியே எழும்பி நிற்கும் பாருங்கள், அதற்காகவே சீக்கிரம் போவோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊமத்தை விஷம். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் பாவை விரிந்து பார்வை மங்கிப்போகும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பூசியது கண்ணையே மங்கவைக்கிற இலை! இப்போது யாரும் பிள்ளைகளை விட்டுச் செய்ய வேண்டாம்.

நாம் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்கக் கிராமப் பள்ளிகளில் பைன் மரப்பலகைக்கு முட்டை வெள்ளைக்கருவையும் கருக்கிய உருளைக்கிழங்கையும் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். அவர்கள் வேலியில் என்ன இருந்ததோ அது.

“பி.எட். செமினாருக்குத் தேவைப்படுகிறது. கரும்பலகையைக் கண்டுபிடித்தவர் யார்? இணையத்தில் ஜேம்ஸ் பில்லன்ஸ், 1801 என்று இருக்கிறது. சரியா?”
*– ஈரோட்டிலிருந்து ஒரு மாணவி*

பெயர் எல்லாரும் சொல்கிற பெயர்தான் அம்மணி, வருசம்தான் இடிக்கிறது. பில்லன்ஸ் எடின்பரோ உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்ததே 1810இல்தான். அங்கே சுவரில் பெரிய கரும்பலகை மாட்டி, கலர் சாக்பீஸால் மலையும் ஆறும் வரைந்து புவியியல் நடத்தினார், அதில் சந்தேகமில்லை. 1801 என்பது அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் ஜார்ஜ் பேரன் என்ற கணக்கு வாத்தியார் பெரிய பலகையில் பாடம் நடத்தியதற்குச் சொல்கிற வருசம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

ஆனால் செமினாரை அங்கே ஆரம்பிக்காதீர்கள், மெட்ராஸில் ஆரம்பியுங்கள். 1789இல் எழும்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது, அதற்குப் பொறுப்பாக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது, உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்திருக்கிறார். நேராகத் தன் பள்ளிக்கு வந்து, மணலில் எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்றார். அங்கிருந்த உதவி ஆசிரியர் மசியவில்லை. சரி என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்று விட்டார். நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். மணல் தட்டும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை முறையும் ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவின. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று இன்றும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அவர் விட்டுப்போன பணத்தில் வந்தது. நம் பில்லன்ஸ் வாத்தியாரும் அதே சட்டாம்பிள்ளை முறையில் வகுப்பு நடத்தியவர்தான்.

இதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். மணலும் சிலேட்டும் பிள்ளை கையில் இருந்தவை. சிலேட்டு என்பது அடுக்கடுக்காகப் பிளக்கிற ஒரு பாறை, நமக்கு ஆந்திராவின் மார்க்காபூர் அதற்குப் பேர்போன ஊர். எழுதி, எச்சில் தொட்டு அழித்து, பல்பம் தீர்ந்தால் பாதியை நைசாகத் தின்றுவிட்டு (தின்னாதவர்கள் கையைத் தூக்குங்கள்), கோவை இலையால் துடைத்துக் கொண்டுபோனோம். அதையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டியபோது அறுபது பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பாடம் காட்ட முடிந்தது, பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சாக்பீஸ் வாத்தியார் கைக்குப் போய்விட்டது. பிள்ளை பார்க்கிற ஆளாக ஆகிவிட்டது.

“எங்க ஊர்ல சாக் ஹில்ஸ் இருக்கே, சாக்பீஸ் அங்கிருந்துதான் வருதா?”
*– சேலத்திலிருந்து ஒரு எட்டாம் வகுப்பு*

இல்லை கண்ணு. சுண்ணாம்புக் கரடு வெள்ளையாக இருக்கிறதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பேர் அது. அங்கே இருப்பது மேக்னசைட், உலைக்கு வைக்கிற தீச்செங்கல்லுக்குப் போகிறது. உன் வகுப்பு சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதைச் சுட்டு மாவாக்கி, தண்ணீர் விட்டுக் கலக்கி, அச்சில் ஊற்றி, வெயிலில் காயவைத்தால் சாக்பீஸ்.

கிரீச் என்று பல் கூசுகிறதா? சாக்பீஸ் பலகையில் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி, விட்டு நகர்கிறது, அந்த அதிர்வுதான் சத்தம். இரண்டாக உடைத்துச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு சாய்த்து எழுதச் சொல்லு. வாத்தியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

“கரும்பலகை என்று சொல்லிக்கொண்டே பச்சை போர்டு வாங்குகிறோம். அது எப்போது பச்சையானது? வெள்ளை போர்டில் ஒரு பையன் அழியாத மார்க்கரில் எழுதிவிட்டான், என்ன செய்வது?”
*– காங்கேயத்திலிருந்து ஓர் ஆசிரியை*

இரும்புத் தகட்டின் மேல் பீங்கான் பூச்சு கொடுத்துச் சுடுகிற முறை பலகைக்கு வந்தபின் கருப்புதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போனது, 1960களில் பச்சை பரவலாயிற்று. எடை குறைவு, உடையாது, சாக்பீஸ் வெள்ளையும் கண்ணில் அறையாது. எடை குறைவு என்பதை எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். நான் படித்த பள்ளியில் முக்காலி ஸ்டாண்டில் முளைக்குச்சி இரண்டின் மேல் நிறுத்திய மரப்பலகை, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து தள்ள, அது அப்படியே சாய்ந்து கணக்கு வாத்தியாரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. வகுத்தல் கணக்கு பாதியில் நின்றது. ஒரு வாரம் நின்றது.

மார்க்கர் விஷயம் சுலபம். அந்தக் கிறுக்கலுக்கு மேலேயே சாதாரண போர்டு மார்க்கரால் அப்பி, ஈரம் காய்வதற்குள் துடையுங்கள், இரண்டும் சேர்ந்து வந்துவிடும். போர்டு மார்க்கர் மையில் நிறத்தைப் பலகையோடு ஒட்டவிடாத எண்ணெய்ப் பசை மாதிரி ஒன்று கலந்திருக்கும், அதிலுள்ள திரவம் பழைய மையையும் இளக்கிவிடும். சானிடைசர் தொட்டும் துடைக்கலாம். துடைக்க டஸ்டர் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம், திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? துடைத்த பிறகும் பழைய எழுத்தின் நிழல் தெரிந்தால் பலகையின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்தில்லை.

“பழைய மாணவர்கள் சேர்ந்து எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்று பணம் திரட்டுகிறோம். தங்கள் கருத்து?”
*– கோபியிலிருந்து ஒரு குழு*

நல்ல காரியம். கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்மார்ட் போர்டு ஒன்றும் நேற்று வந்ததில்லை, கனடாவின் கால்கரியில் ஒரு கம்பெனி 1991லேயே விற்க ஆரம்பித்துவிட்டது. அப்போது புரொஜெக்டர் வேண்டும், வாத்தியார் நிழல் பாடத்தின் மேலேயே விழும். இப்போது டிவி மாதிரி ஒரே பேனல். விண்மீனும் இதயத்துடிப்பும் அதில் காட்டினால் எந்தச் சாக்பீஸும் பக்கத்தில் நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் யாரோ நல்ல மனசோடு வாங்கிக் கொடுத்த பேனல் மேல் டீச்சர்கள் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ரிப்பேருக்கு ஆள் வரவில்லை, ரிமோட் எங்கே என்று தெரியவில்லை, துணியின் மேல் குடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

1987இல் மத்திய அரசு ‘கரும்பலகைத் திட்டம்’ என்று கொண்டுவந்தபோது கேட்டதே ஒரு பள்ளிக்கு மழைக்கு ஒழுகாத இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, கரும்பலகை முதலான சாமான்கள். அதுவே அன்றைக்குப் பல ஊருக்குக் கனவு. அதற்கப்புறம் 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது ஒரு காரியம் செய்தார்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பறைச் சுவரின் அடியில், சின்னப் பிள்ளை நெஞ்சுயரத்துக்குச் சுற்றிலும் கருப்புப் பட்டை அடித்து, ஆளுக்கு ஓர் இடம் பிரித்துக் கொடுத்தார்கள். சாக்பீஸ் மறுபடி பிள்ளை கைக்கு வந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு தன் கட்டத்துக்குள் ‘அணில்’ எழுதுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துக் கட்டத்துக்காரியோடு அரை அங்குல எல்லைத் தகராறு வேறு. நம் ஊர் வரப்புச் சண்டையெல்லாம் அங்கே ஆரம்பிக்கிறது போல. இப்போது பல பள்ளிகளில் அந்தப் பட்டை உரிந்து, மேலே பெயிண்டில் மயிலும் பூவும் வரைந்துவிட்டார்கள்.

அதனால் பேனலுக்குப் பணம் சேருகிற வரை காத்திருக்காமல், முதலில் அந்தக் கீழ்ப்பட்டையைச் சரி பண்ணுங்கள். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. சிமெண்டை நன்றாகத் தேய்த்து மட்டமாக்கி, முழுக்கக் காயவிட்டு, கடையில் ‘பிளாக்போர்டு பெயிண்ட்’ என்றே கேட்டு வாங்கி இரண்டு கை அடியுங்கள், பளபளக்கிற எனாமல் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் காய்ந்ததும் ஆசையாக உடனே எழுதிவிடக் கூடாது. ஒரு முழு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பட்டை பூராவும் வெள்ளையாகும்படி தேய்த்து, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு அப்புறம் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் எழுதிய பிள்ளையின் எழுத்து அழித்தாலும் தடம் விட்டுவிடும், ‘அணிள்’ என்று தப்பாக எழுதியிருந்தால் வருசம் பூராவும் அப்படியே தெரியும்.