விற்ற பவுடரைத் திரும்ப வாங்க மாட்டார்களா?

கேள்வி: பாளையங்கோட்டையில் சிறிய டென்டல் லேப் வைத்திருக்கிறேன். நானும் ஒரு உதவியாளரும்தான். உலோகப் பவுடரை உருக்கும் லேசர் பிரிண்டரில் பல்லுக்கான கேப், பிரிட்ஜ் அடித்து நெல்லை, தென்காசி பல் டாக்டர்களுக்குக் கொடுக்கிறோம். மூன்று மாதம் முன்பு கோவை வியாபாரி ஒருவரிடம் 5 கிலோ கோபால்ட் குரோம் பவுடர் வாங்கினேன். நிக்கல் இல்லாதது என்று சொல்லித்தான் விற்றார். அதில் அடித்த கேப்களில் மேல்பூச்சான செராமிக் பெயர்கிறது, இரண்டு பிரிட்ஜ் முறிந்தே விட்டது. கேட்டால் பில்லைக் காட்டுகிறார்: ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது. கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது.’ ஒரு டப்பா இன்னும் பிரிக்கவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அந்த டப்பாவைப் பிரிக்காதீர்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. மிஞ்சிய பவுடரைச் சலித்துத் திரும்பப் பயன்படுத்துவது எல்லா லேபிலும் வழக்கம். ‘பழையதோடு கலந்தார், ஈரத்தில் வைத்தார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லப்போவது நிச்சயம். சீல் உடையாத டப்பாவிடம் அந்தப் பேச்சு எடுபடாது. நுகர்வோர் ஆணையமே (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்) அதிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பல் உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 22674 தரத்தின்படி நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணும் பவுடரோடு வந்த சான்றிதழில் உள்ளதும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள்.

சரி, நீங்கள் நுகர்வோரா? தொழிலுக்கு வாங்கினால் இல்லை என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், துணைக்கு ஓரிருவர் இருப்பதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடமாட்டார் என்றது. பிரிண்டரில் நீங்களே உட்காருகிறீர்கள் என்றால் நம்பிப் போகலாம். பத்துப் பேர் வேலை பார்க்கும் லேப் என்றால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது சிவில் கோர்ட்தான், அங்கே பில்லில் உள்ள அந்தக் கோவை நீதிமன்ற வாசகம் உங்களை அலைக்கழிக்கும்.

நுகர்வோர் வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. ‘திரும்பப் பெறப்படாது’ என்பதற்கும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. அதனால் இந்த வாரமே எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. எந்த மெஷினுக்கு என்று சொல்லி வாங்கிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள்: தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் பொருள் அதற்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்தப் பவுடரில் அடித்த கேப் எத்தனை பேர் வாயில் இருக்கிறது? நோயாளியைப் பொறுத்தவரை கேப்பைத் தயாரித்தவர் நீங்கள், குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கு நஷ்டஈடு கேட்கும் பொருள் பொறுப்பு வழக்கு உங்கள் மேல்தான் வரும். நிக்கல் ஒவ்வாதவர்களும் அவர்களில் இருக்கலாம். பேட்ச் எண்ணோடு எல்லா டாக்டர்களுக்கும் உடனே கடிதம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். சிலர் ஆர்டரை நிறுத்தலாம். நிறுத்தட்டும், நோட்டீஸுக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.